மலைக்கு வந்த சுதந்திரம்

கள்ளக்குறிச்சியில் நமது பாட்டியார் வீட்டு மாடியில் நின்றால், மேற்கே கல்வராயன் மலை நீலமாய்த் தெரியும். சிறு பிராயத்தில் மலைவாசிகள் புளியும் தேனும் கடுக்காயும் சுமந்து சந்தைக்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறோம். (அந்தத் தேனைத் திருடித் தின்று உதைபட்டது வேறு கதை!)

1947-இல் தேசம் விடுதலை பெற்றதென்று வகுப்பிலே முழங்குகிறோம். அம்மலையிலோ, வெள்ளைக்காரர் கப்பலேறிய பின்னரும் மூன்று ஜாகீர்தார்களின் அதிகாரமே நீடித்தது. குடிகள் வரியும் செலுத்தி, கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது. 1976-இல்தான் சர்க்கார் மலையை ஏற்றுக்கொண்டது.

சென்ற வருஷம் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போயிருந்தோம். பேச்சுக்கிடையே பெரியவர் ஒருவர், "எங்க சுதந்திரத்துக்கு வயசு கம்மிங்க, வாத்தியாரய்யா" என்றார்.

மறுநாள் கரும்பலகையில் இரண்டு வருஷங்களையும் எழுதினோம்.