மலைநடைக்கு ஒரு மூட்டை

கல்லூரியை விட்டு நீங்கிய பழைய மாணவர் பலருக்கு மலைநாடு விடுமுறைக்குரிய குளிர்ந்த இடம். ஹற்றனை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கும் எனக்கோ அது நாடோறும் ஏறியிறங்கும் படிக்கட்டு. ஆண்டுதோறும் மேல்வகுப்பு மாணவர் சிலரை இரண்டு நாள் மலைநடைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது. நடையின் இன்பமும் துன்பமும் புறப்படுமுன் கட்டும் மூட்டையிலேயே தீர்ந்துவிடுகின்றன என்பது அப்பொறுப்பினால் யான் அறிந்த உண்மை.

கண்டி ஹந்தானையிலே தொடங்கி நுவரெலியாவிலே முடியும் பீகோ நடைபாதையைப் பலர் அறிவர். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வழி 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஜேம்ஸ் ரெயிலர் 1867ஆம் ஆண்டிலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துறையும் அவ்வழியிலேயே உளது. அதன் ஓரிரு பகுதிகளே எமது நடைக்குப் போதுமானவை.

மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் எச்சரிக்கின்றார். உடல் நிறையில் ஐந்திலொரு பங்கிற்கு மேற் சுமத்தலாகாது என்பது நடையாளர் கைக்கொள்ளும் விதி. 45 கிலோ நிறையுள்ள மாணவனுக்கு அது 9 கிலோ. குடிக்கும் நீர் 2 லீற்றரே 2 கிலோவாகும். ஆகவே முதல்நாள் ஒவ்வொரு பையையும் தராசிலே நிறுத்துப் பார்ப்போம். நால்வருக்கு ஒரு பானை, ஒரு கத்தி, ஒரு விளக்கு. தகரத்திலடைத்த உணவு வேண்டாம். அரிசியும் பருப்பும் கருவாடும் போதும்.

எனினும், குறைக்கத் தகாதனவும் உள. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைகின்றது. நனைந்த பருத்தியாடை உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். கம்பளியாடை நனைந்தும் ஓரளவு காக்கும். ஆதலின் கம்பளிச் சட்டையும், மழையங்கியும், நீர்புகாப் பையிற் கட்டிய உலர்ந்த மாற்றுடையும், அட்டைக்கு ஒரு பிடி உப்பும் எவரும் விட்டுவரலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவனொருவன் நடைக்கு வர மறுத்தான். காரணம் வினவினேன். “பேக் இல்ல சேர். வீட்டுல உரச்சாக்குதான் இருக்கு,” என்று தலைகுனிந்தான். மறுநாட் காலையில் அவன் தாயார் பாடசாலைக்கு வந்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பிற் கட்டும் படங்கினாலே பையொன்று தைத்து, அகன்ற தோட்பட்டை இரண்டும் வைத்திருந்தார். “பாரம் முதுகோட ஒட்டி இருக்கணுங்க சேர். தொங்குனா ஆளையே பின்னுக்கு இழுத்துப்புடும்,” என்றார். நடைநூல் எழுதுவோர் படம் வரைந்து விளக்குவதை அவர் கொழுந்துக் கூடையிடம் கற்றிருந்தார். அவ்வாண்டு ஏற்றத்திலே களைத்த தோழனின் பானையையும் தன் பையில் ஏற்றிக்கொண்டவன் அம்மாணவனே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவன் முன்னோர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து இம்மலைகளை அடைந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்தம் மூட்டையும் சிறிதே. ஆயின் அச்சிறுமை வறுமை தந்தது. வேண்டாதவற்றை விட்டுச் செல்வது வேறு, வேண்டுவது இன்றிச் செல்வது வேறு. மாணவர்க்கு முன்னதைக் கற்பிக்கும் நாம் பின்னதைக் கவனியாதிருத்தல் தகாது. இலேசான பையும் அங்கியும் இன்று கடைகளிலே பெருவிலைக்கு விற்கின்றன. அவற்றை வாங்கக்கூடியவரே நடைக்கு வரலாம் என்றால் மலையிற் பிறந்த பிள்ளைகளே மலையேற முடியாதவராவர்.

இதற்காக எமது பாடசாலையில் ஓர் அலுமாரி வைத்துள்ளோம். மழையங்கி, கம்பளிச் சட்டை, பானை ஆகியன அதிற் பொதுவாக இருக்கும். நடைக்குச் செல்பவன் எடுத்துச் சென்று, துவைத்து உலர்த்தி மீண்டும் வைப்பான். எவனுடையது எது என்று வழியிலே எவரும் அறியார். பழைய மாணவர் தத்தம் ஊர்ப் பாடசாலையிலும் இத்தகைய அலுமாரியொன்றை அமைக்கலாம். வளர்ந்த பிள்ளைகள் விட்டுச்சென்ற கம்பளிச் சட்டைகள் உங்கள் வீட்டுப் பெட்டிகளிலே கிடக்கின்றன அல்லவா? அவற்றிலிருந்தே தொடங்கலாம்.