வேப்பேரிக்கு ஐந்து நாள்

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் ஆரம்பித்தது. எனக்கு அது ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலை, ஆட்டோவில், மடியில் ஜிம்மியோடு.

ஜிம்மி பாதி பொமரேனியன். மீதிப் பாதி எங்கள் தெரு. மூன்று மாசக் குட்டி. ராத்திரி முழுக்க வாந்தி, ரத்தபேதி. 'நாய்க்குத் தனி சார்ஜ்' என்று ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடக் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லை.

வேப்பேரி ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் லாப்ரடார், இன்னொரு பக்கம் ஆடு, எதிரே கூண்டில் கிளி. அந்தஸ்து பார்க்காத க்யூ!

"தடுப்பூசி போட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"கலப்பு நாய்தானே சார், தாங்கும்னு..." ஓசியில் வந்த நாய்க்கு ஊசிச் செலவு எதற்கு என்று மிச்சம் பிடித்ததைச் சொல்லவில்லை.

"பார்வோ வைரஸ் ஜாதகம் பார்த்தா வருது?"

உடம்பில் நீர் வற்றினால் உயிர் போய்விடும் என்றார். முன்னங்காலில் நரம்பு தேடி டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஐந்து நாள் போய் வந்தேன். வீட்டில் ஃபினாயிலுக்கு இந்த வைரஸ் சாகாதாம். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தேன். ஐந்தாம் நாள் ஜிம்மி கஞ்சித் தண்ணியை நக்கியது. எனக்குத்தான் கண் கலங்கியது.

குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பதினாறு வாரம் வரை தொடர்ச்சி. மூன்று மாசத்தில் வெறிநாய்க்கடி ஊசி. இப்போது மனப்பாடம்.

கடைசி நாள், அதே ஆட்டோக்காரர்.

"பொழைச்சிடுச்சா சார்?"

"ம்."

தனி சார்ஜ் கேட்கவில்லை. இறங்கும்போது தயங்கினார். "எங்க தெருவுல ஒண்ணு குட்டி போட்டிருக்கு. ஊசிக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"