மஞ்சளிக்காத கண்கள்

பலபொருள் ஒருசொல்லை வகுப்பறையில் பல்லாண்டுகளாக விளக்கி வருகிறோம். ‘மஞ்சள் காமாலை’யும் அத்தகையதொரு சொல் என்பது, முத்தாபுதுப்பேட்டை வீட்டில் எட்டு வயது மகனின் கண்கள் மஞ்சளித்த அன்றுதான் உறைத்தது. நான்கு நாள் காய்ச்சல், வாந்தி. சிறுநீர் கட்டங்காப்பி நிறம். அடுத்த வீட்டு அம்மா கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்தார். “மோர்ல அரைச்சுக் குடுங்க சார், மூணே நாள்.” ஒரு வேளை கொடுத்தோம், மறைப்பானேன்.

ஆவடியில் குழந்தை மருத்துவர் கேள்விகளையே அடுக்கினார். வெளியில் என்ன குடித்தான்? பி தடுப்பூசி போட்டதா? ரத்தம் ஏற்றியதுண்டா? ஏ, இ வகைகள் நீராலும் உணவாலும் வருவன. பி, சி வகைகள் ரத்தத்தாலும் பிரசவத்தில் தாயிடமிருந்தும் வருவன. கண்ணைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய இயலாது. எஸ்ஜிபிடி அளவு கல்லீரல் புண்பட்டதைச் சொல்லும். புண்படுத்தியது எதுவென்று சொல்லாது. அதற்கு ஏ, இ கிருமிகளுக்கெதிரான ஐஜிஎம் எதிர்ப்பொருள், பி கிருமியின் மேலுறைப் புரதம், சி-க்கான எதிர்ப்பொருள் எனத் தனித்தனியே தேடவேண்டும். அதிலும் 18 மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் காணும் சி எதிர்ப்பொருள் தாயினுடையதாகவும் இருக்கலாமாம்.

முடிவு வந்தது: ஏ. ஓய்வு, உணவு, நீர். பிதற்றலோ ரத்தக்கசிவோ கண்டால் உடனே வரவேண்டும் என்றார். ஏ பெரும்பாலும் தானே ஆறும். புகழ் கீழாநெல்லிக்குப் போகும். அச்செடியை எள்ளுவதற்கில்லை. பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பெற்ற புளும்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன் குழுவினரோடு இணைந்து, பி கிருமி தங்கியவர்களிடம் அதைச் சோதித்தார். 1988இல் ‘லான்செட்’ வெளியிட்ட முடிவு நம்பிக்கையூட்டியது. பிறர் செய்த பிற்காலச் சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

கிளம்பும்போது மருத்துவர் கேட்டார்: “சின்னவளுக்குப் போன மாசம் காய்ச்சல் வந்துச்சா?” வந்தது. இரண்டு நாள், பிறந்தநாள் விருந்தின் மேல் பழிபோட்டிருந்தோம். ஆறு வயதுக்குட்பட்டோரிடம் ஏ பெரும்பாலும் மஞ்சளிக்காமலே கடந்துபோகும். தொற்றியபின் வெளிப்பட 15 முதல் 50 நாள் ஆகும். அண்ணனுக்கு அவளிடமிருந்தே வந்திருக்கலாம்.

எங்களை அச்சுறுத்தியது அவர் அடுத்துச் சொன்னது. பிறப்பில் பி தொற்றும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அது நிலைத்துவிடும். பெரும்பாலும் கண் மஞ்சளிக்காது. அன்றிரவே மகளின் தடுப்பூசி அட்டையைத் தேடியெடுத்தோம். ஆறாம் வாரக் கட்டத்தில் தேதி இருந்தது. பிறந்த அன்றைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. மறுநாள் காலை அவளையும் ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றோம்.