உருள்தாங்கி

ஆர்.கே.பேட்டை நெசவாளர் ஊர். விசைத்தறியின் ஓசை எம் தெருக்களில் ஓயாது ஒலிக்கும். அவ்வோசையிடைப் பிறந்து வளர்ந்தோர் பொறியின் நோயைச் செவியாலேயே அறிவர். தறி சிறிது சுருதி பிறழினும், உறங்குவோர் விழித்தெழுதல் உண்டு. இச்செவிப்புலமையின் பயனை யான் கண்டது தறியினிடத்தன்று. எம் இல்லத்துச் சலவை இயந்திரத்தினிடத்தேயாம்.

எம் பாட்டியார் ஈராண்டாகப் படுக்கையில் உள்ளார். அவர்தம் விரிப்புகளை நாடோறும் துவைத்தல் வேண்டும். அன்னையாரோ முன்பு மணிக்கட்டு முறிந்தவர். ஈரத்துணியைப் பிழியும் வலிமை அவர்க்கில்லை. ஆதலின், முன்புறம் கதவுடைய அவ்வியந்திரம் எமக்கு ஆடம்பரப் பொருளன்று. சென்ற கோடை விடுமுறையில், துணி பிழியுந்தோறும் அது விமானம் எழுவது போல் முழங்கலாயிற்று. பார்க்க வந்த பழுதுநீக்குவோர் ஒருவர், "இதற்குச் செலவிடுவதினும் புதியது வாங்குதலே நன்று" என்று கூறிச் சென்றார். புதியது வாங்கப் பொருளில்லை. அன்று மாலையே அன்னையார் துவைகல்லை நாடினார்.

அடுத்த தெருவில் விசைத்தறிகளைச் செப்பனிடும் முதியவர் ஒருவர் உளர். அவரை மாமா என்றழைப்போம். அவர் வந்து, மின்னிணைப்பை நீக்குவித்து, உருளையைக் கையால் மெல்லச் சுழற்றினார். கரகரவென்னும் ஒலி எழுந்தது. பின்னர் அதன் மேல்விளிம்பைப் பற்றித் தூக்கி அசைத்தார். "வெளித்தொட்டியும் உடன் அசைந்தால் அது வில்லின் இயல்பு, தம்பி. உருளை மட்டும் தனியே ஆடினால் பேரிங் தேய்ந்ததென்று கொள்" என்றார். உருளை தனியே ஆடிற்று. பின்தகட்டைக் கழற்றியபோது, தொட்டியின் நடுவிலிருந்து துருநீர் வழிந்த சுவடும் காணப்பட்டது.

பேரிங் என்பதனைத் தமிழில் உருள்தாங்கி எனலாம். இரண்டு எஃகு வளையங்களுக்கிடையே குண்டுகள் உருள, அச்சு மிகக் குறைந்த உராய்வோடு சுழலும். இதன் வரலாற்றில் நெசவுக்கும் பங்குண்டு. சுவீடன் நாட்டுக் கோட்டன்பர்க் நகரத்து நெசவாலையொன்றில் பொறியாளராயிருந்த சுவென் விங்குவிஸ்ட் என்பார், சுழல்தண்டுகள் நேர் பிறழ்வதனால் தாங்கிகள் கெடுவது கண்டு, அப்பிறழ்ச்சிக்குத் தானே இணங்கும் குண்டுத்தாங்கியை 1907-ஆம் ஆண்டில் அமைத்தார். எம் இயந்திரத்திலிருந்தவை அவ்வகையின அல்ல. 6206, 6205 என்னும் எண்ணுடைய எளிய வகையின. முன்னதன் உள்விட்டம் 30 மில்லிமீட்டர். பின்னதன் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். பெரியது உருளையை அடுத்தும், சிறியது பின்புறத்தும் அமைந்திருந்தன.

இரண்டு நாள் உழைத்தோம். வாரையும் கப்பியையும் கழற்றி, கான்கிரீட் எடைக்கட்டிகளை இறக்கி, தொட்டியை வெளியே எடுத்துத் திருகாணிகளை நீக்கி இரண்டாகப் பிரித்தோம். சில இயந்திரங்களில் தொட்டி பிரிக்கவியலாதபடி ஒட்டப்பட்டிருக்குமாம். எமது அவ்வாறன்மை எம் நற்பேறு. தாங்கிகளைத் தட்டி வெளியேற்றியபோது உண்மை விளங்கிற்று. பெரியதனுள் கிரீஸ் இல்லை, செந்துருவே நிறைந்திருந்தது. அதற்கு முன்னே காவலாய் நின்ற இரப்பர் வளையம் உதடு தேய்ந்து, சவர்க்கார நீரை உள்ளே விட்டிருந்தது. நீர் புகுந்து கிரீசைக் கரைக்க, துரு பிடித்து, குண்டுகள் தம் தடத்தை அரித்துவிட்டன.

மாமா அச்சின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்து, பள்ளமின்மை கண்டு மகிழ்ந்தார். அச்சு தேய்ந்திருப்பின் புதிய தாங்கியும் நிலையாது. தாங்கியின் இருக்கையைத் துடைத்து, புதியவற்றை வெளிவளையத்தின்மீது மட்டும் அடித்துச் செலுத்தினார். உள்வளையத்தில் அடித்தால் அவ்வடி குண்டுகளின் வழியே சென்று தடத்தை வடுப்படுத்தும். இறுதியில் புதிய இரப்பர் வளையத்தைப் பொருத்தி, நீரிற் கரையாத கிரீசை அதன் உதட்டிற் பூசினார். செலவு புதிய இயந்திரத்தின் விலையிற் சிறுபங்கே ஆயிற்று.

நோயை அறிந்தபின் அதன் முதலையும் நாடுக என்று வள்ளுவர் மருத்துவர்க்குக் கூறினார். அது பொறிக்கும் பொருந்தும். முழங்கியது தாங்கி; தவறியதோ ஓசையின்றி இருந்த இரப்பர் வளையம். அதனை விடுத்துத் தாங்கியை மட்டும் மாற்றியிருப்பின், நீர் மீண்டும் புகுந்திருக்கும். ஒலிப்பதைக் கேட்டு, ஒலியாததையும் தேடுதலே செப்பனிடுவோர் கல்வி. பள்ளியில் மிகுதியும் பயிலாத அம்முதியவர்பால் யான் பயின்ற பாடம் இதுவேயாம்.