என் வீட்டில் திறந்த கதவு

2001-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றை என்னால் மறக்க இயலாது. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்த என்னை, துப்பட்டி போர்த்திய ஒரு தாய் தயங்கியபடி அழைத்தார்.

“தம்பி, கம்ப்யூட்டரில் ஜமாஅத்துப் பக்கத்தைப் போட்டது நீங்கள்தானே?”

பாராட்டப் போகிறார் என்று எண்ணி, “ஆமாம்மா” என்றேன்.

“என் மகள் திருவொற்றியூருக்கு இரண்டு நாள் போய், காசு கொடுத்து உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் வருகிறது, விண்ணப்பம் மட்டும் வரவில்லை. இப்போது கெடு முடிந்துவிட்டதாம். எங்களுக்கு மட்டும் அது ஏன் திறக்கவில்லை தம்பி?”

அத்திப்பட்டில் அப்போது நான் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்கு எழுதி வந்தேன். எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கிய ஆண்டு அது. வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர்கள் சிலர் அனுப்பிய தொகையைக் கொண்டு, கல்லூரியில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ எங்கள் ஜமாஅத்தார் முடிவு செய்தனர். கத்திவாக்கம், எண்ணூர், மீஞ்சூர், பழவேற்காடு என்று பல ஊர்ப் பிள்ளைகளும் பயன்பெற வேண்டுமென்பதால், படிவத்தை இணையதளத்தில் வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் நானே. அச்சிடும் செலவு மிச்சம் என்றும் சொன்னேன். ஏறத்தாழ இருபது இரவுகள், இஷாவுக்குப் பின் அமர்ந்து அத்தளத்தை உருவாக்கினேன். நிர்வாகிகளை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன். ‘விண்ணப்பப் படிவம்’ என்ற சொல்லைத் தொட்டதும் படிவம் திறந்தது. “மாஷா அல்லாஹ்!” என்றார் முத்தவல்லி. தொலைபேசி இணைப்பின் வழியே கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பியபின் மீண்டும் என் கணினியிலேயே சோதித்தேன். அப்போதும் திறந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று உறங்கச் சென்றேன்.

அந்தத் தாய் சென்றபின் நேரே ரயிலேறித் திருவொற்றியூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குச் சென்றேன். எங்கள் தளத்தை அயலார் கணினியில் நான் பார்த்தது அதுவே முதன்முறை. பள்ளிவாசலின் படம் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம். படிவத்தைத் தொட்டால், ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பு.

எங்கே பிழை?

வலைப்பக்கம் தனக்குள் படத்தையோ படிவத்தையோ சுமந்து செல்வதில்லை. அவை இருக்கும் இடத்தின் முகவரியை மட்டுமே அது குறித்து வைத்துக்கொள்கிறது. நான் பயன்படுத்திய மென்பொருள், படிவத்தின் முகவரியாக என் வீட்டுக் கணினியின் ‘சி’ டிரைவையே எழுதி வைத்திருந்தது. ஆகவே என் கணினியில் தொட்டபோதெல்லாம் என் வீட்டுக் கோப்பே திறந்தது. சர்வரில் அது இருக்கின்றதா என்று யாரும் கேட்கவேயில்லை. திருவொற்றியூரில் தொட்டபோது, அந்தக் கடையின் கணினியில் என் வீட்டுக் கோப்பைத் தேடியிருக்கிறது. எப்படிக் கிடைக்கும்?

வேறொரு பிழையும் இருந்தது. சில கோப்புகளின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கி, இணைப்பில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸ் அவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். எங்கள் சர்வரோ யூனிக்ஸ் மரபைச் சேர்ந்தது. அதற்கு அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

எழுத்துருவும் அப்படியே. யூனிகோடு பரவாத அக்காலத்தில், நான் நிறுவியிருந்த தமிழ் எழுத்துரு பார்ப்பவர் கணினியிலும் இருந்தால்தான் தமிழ் தெரியும். இல்லையேல் வெறும் கிறுக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் அறிஞர்கள் கூடி விவாதித்தவற்றுள் இந்தக் குறியீட்டுச் சிக்கலும் ஒன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுகையில் இதே தொல்லையைக் கடந்து வந்தவர்களே.

மூன்று பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான். என்னிடம் இருப்பது எல்லோரிடமும் இருக்கும் என்று நான் எண்ணிவிட்டேன்.

அன்றிரவு விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. வந்திருந்த அத்தனையும், நான் வீட்டில் அச்சிட்டு அறிந்தவர் கையில் கொடுத்த படிவங்கள். அறிமுகமற்றவர்களுக்காகத் தொடங்கிய திட்டம், எனக்கு அறிமுகமானவர்களை மட்டுமே சென்றடைந்திருந்தது. தொகையோ பங்கிட்டு முடிந்துவிட்டது. அந்தத் தாய் வளையலை அடகு வைத்து மகளின் முதல் பருவக் கட்டணத்தைச் செலுத்தியதாகப் பின்னர் அறிந்தேன். என் கைப்பணத்தைக் கொடுக்க முன்வந்தபோது, “வேண்டாம் தம்பி, அடுத்த வருஷம் சரியாகப் போடுங்கள், அது போதும்” என்றார்.

அறுபடாத சங்கிலி

என் வருத்தத்தைக் கேட்ட எங்கள் ஹஜ்ரத் ஒன்றை நினைவூட்டினார். ஹதீஸ்கலை அறிஞர்கள், செய்தி நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதனை ஏற்பதில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஒவ்வொரு கண்ணியாகச் சோதிப்பார்கள். இடையில் ஒரு கண்ணி விடுபட்டாலும் அதற்கு ‘முன்கதிஃ’, அதாவது அறுந்தது, என்று பெயர். “உங்கள் தளமும் சங்கிலிதானே! ஒவ்வொரு கண்ணியையும் தொட்டுப் பார்த்தீர்களா?” என்றார். நான் தலை குனிந்தேன்.

அதன்பின் நான் கைக்கொண்ட முறை எளியது. தளத்துக்குரிய கோப்புகள் அனைத்தையும் கணினியில் ஒரே கோப்புறைக்குள் வைத்தேன். படங்களுக்கும் படிவங்களுக்கும் அதனுள்ளேயே தனித்தனி அறைகள். பெயர்கள் யாவும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி. இணைப்புகளை, ‘இந்தப் பக்கத்திலிருந்து படிவ அறைக்குள் இன்ன கோப்பு’ என்னும் விதமாகச் சார்பு முகவரியில் எழுதினேன். ‘இதே தெருவில் மூன்றாவது வீடு’ என்பது போன்றது அது. முழுக் கோப்புறையும் எங்கே பெயர்ந்தாலும் வழி மாறாது. அனுப்புவதற்கு முன் கோப்புறைக்கு வேறு பெயரிட்டு, வேறோர் இடத்துக்கு நகர்த்தி, ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்ப்பேன். வீட்டு முகவரி எங்கேனும் ஒளிந்திருந்தால் அப்போதே அறுந்து காட்டிக் கொடுத்துவிடும். அனுப்பியபின் இன்னொருவர் கணினியிலும் பார்ப்பேன்.

கோப்புகளை இவ்வாறு தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பும் நெறிமுறையை 1971-இல் வகுத்தவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இந்தியர். அந்நெறிமுறை கொடுத்ததைக் கொடுத்தபடியே கொண்டு சேர்க்கும். கொடுப்பதில் குறையிருந்தால் குறையையும் அப்படியே சேர்த்துவிடும்.

இதெல்லாம் பழங்கதை என்று இன்றைய இளைஞர்கள் எண்ணக்கூடும். ஆனால் இன்றும் வாட்ஸ்அப் குழுக்களில் உதவித்தொகைப் படிவம், மதரஸா சேர்க்கைப் படிவம் என்று கூகுள் டிரைவ் இணைப்புகள் வருகின்றன. அனுப்பியவர் தொட்டால் திறக்கிறது. மற்றவர் தொட்டால் ‘அனுமதி கேளுங்கள்’ என்கிறது. அதே கதவு, அதே பூட்டு! ஒருமுறை திறந்தது என்றும் திறந்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் கிடைக்காமல் போயின என்று 2024-இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கண்டறிந்தது.

நம்மிடம் கணக்குக் கேட்கப்படுவதற்கு முன் நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பொதுக் காரியம் அமானிதம். நம் கண்ணுக்குச் சரியாக இருப்பதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. யாருக்காகச் செய்தோமோ அவர் கையில் சேர்ந்ததா என்று பார்த்தபின்னரே முடிகிறது.

2002-ஆம் ஆண்டு புதிய படிவத்தை ஏற்றியதும், அந்தப் பெண்ணையும் அவள் தாயாரையும் அதே திருவொற்றியூர் பிரவுசிங் சென்டருக்கு வரச் சொல்லி, முதலில் அவளையே சோதிக்கச் செய்தேன். தொட்டாள், திறந்தது. தாயார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முந்தைய ஆண்டு என் வீட்டில் கிடைத்த பாராட்டுகளைவிட அந்தத் தலையசைப்பே எனக்குப் பெரிதாக இருந்தது.

நம் பொறுப்பில் உள்ள கதவுகள் யாவும் அயலாருக்கும் திறக்கும்படி வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.