கைவேலைப் பையில் நான்கு நூல்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்ற பழமொழியை எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறையாவது கேட்கலாம். சொல்பவர்கள் அம்மா, கேட்பவள் நான். காரணம், கூடத்து மூலையில் ஆணியில் தொங்கும் என் கைவேலைப் பை. அதில் எந்நேரமும் முடியாத வேலைகள் நான்காவது இருக்கும். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொட்டால் என்ன என்பது அம்மாவின் கேள்வி. தோழியரே, இதே கேள்வி உங்கள் வீடுகளிலும் எழுந்திருக்கும். தையல் வகுப்பில் என்னோடு அமர்பவர்களில், ஒரே ஒரு வேலையை மட்டும் கையில் வைத்திருப்பவளை நான் இன்னும் கண்டதில்லை. ஆகவே நம் எல்லோருக்குமாக நானே பதில் எழுதத் துணிந்தேன்.

முதலில் பைக்குள் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கருநீல மப்ளர் ஒன்று. தம்பிக்கு முறுக்குப் பின்னல் போட்ட ஸ்வெட்டர் ஒன்று. போர்வைக்கான குரோஷாச் சதுரங்கள், இதுவரை 31. நான்காவது, ஆச்சியிடம் கற்றுக்கொண்டு தக்ளியில் நான் நூற்கும் பருத்தி நூல். இந்த நூல்தான் அத்தைக்குப் பிறக்கப்போகும் குழந்தையின் தொப்பியாக வேண்டும்.

“சென்னை வெயிலில் ஸ்வெட்டரா?” என்று சிரிக்காதீர்கள்! மார்கழி விடியலில் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வந்து பாருங்கள். வெப்பம் 20 டிகிரிக்கு இறங்கினால் போதும், நம் ஊர்க்காரர்கள் இமயமலைக்குப் புறப்பட்டவர்கள் போலக் காதுவரை மூடிய குரங்குக் குல்லாயுடன் நடைமேடையில் நிற்பார்கள். லூதியானாவிலிருந்து வரும் கம்பளி நூல் சண்முகம் சாலையில் விலைபோவது சும்மாவா? தவிர, பிறந்த குழந்தைக்கு எந்த ஊரும் குளிர்தான். அதன் உடம்புக்குத் தலை பெரிது; தலை வழியாகச் சூடு வெளியேறிவிடும். அதனால்தான் கத்தரி வெயில் காலத்திலும் குழந்தை பிறந்தவுடன் நர்சுகள் தலைக்குத் தொப்பி போடுகிறார்கள்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நான்கும் நான்கு வேலைகள் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். எனக்கோ அவை நான்கு விதமான நேரங்கள். அப்பாவின் மப்ளர் வெறும் நிட் பின்னல். 40 கண்கள் போட்டு, போய்ப் போய் வர வேண்டியதுதான். மின்சாரம் நின்றுபோன மாலையிலும் அதைப் பின்னலாம். விரல்களே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். தம்பியின் ஸ்வெட்டர் அப்படியன்று. ஆறாவது வரிசைதோறும் மூன்று கண்களைத் தனி ஊசியில் முன்னால் நிறுத்தி, அடுத்த மூன்றைப் பின்னி, பிறகு நிறுத்தியவற்றைப் பின்ன வேண்டும். நடுவில் யாராவது “காப்பி வேணுமா?” என்று கேட்டால் கணக்கு போய்விடும். எனவே அது ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த பின், மேசை முன் அமர்ந்து செய்யும் வேலை.

குரோஷா ரயிலுக்கு உரியது. ஒரே ஒரு குட்டை ஊசி, யார் விலாவிலும் குத்தாது. சனிக்கிழமைகளில் நான் தனிப் பயிற்சிக்கு மாம்பலம் போகிறேன். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அந்த நாளிலிருந்து பெண்கள் பெட்டியில் எத்தனை கோடிக் கண்கள் பின்னப்பட்டிருக்குமோ, யார் எண்ணினார்கள்! ஏறுமிடத்தில் தொடங்கிய சதுரம் மீனம்பாக்கத்தில் இரண்டாம் சுற்றில் இருக்கும். மாம்பலத்தில் இறங்கும்போது முடிந்திருக்கும். நாங்கள் ஏறும் நிலையத்தின் பெயரே சானடோரியம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே மருத்துவமனை தொடங்கியதால் வந்த பெயர் அது. அப்போது அந்நோய்க்கு மருந்து இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் ஓய்வு, அவ்வளவே. அக்காலத்தில் உலகின் பல பகுதிகளில் இத்தகைய மருத்துவமனைகளில் தேறிவருபவர்களுக்குக் கைவேலை கொடுப்பது வழக்கமாம். படுத்தே இருப்பவர்களுக்குப் பொழுது நகர வேண்டுமே! ரயில் சிக்னலுக்காக நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோயாளிகளின் நினைவு வரும்.

நான்காவதான தக்ளியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நம்மில் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

ஒரு சாண் நீளத்தில் மெல்லிய இரும்புக் கம்பி, அடியில் காலணா அளவில் பித்தளை வட்டு, நுனியில் கொக்கி. இதுதான் தக்ளி. ஒரு கிண்ணத்திலோ தேங்காய்ச் சிரட்டையிலோ அதை நிறுத்தி வலக்கை விரல்களால் சுழற்ற வேண்டும். இடக்கை பஞ்சுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உயரும். உயர உயர இழை பிறக்கும். ஆட்டு ரோமம் நீளமானது. ஆகவே குளிர்நாட்டுப் பெண்கள் கதிரை அந்தரத்தில் தொங்கவிட்டே நூற்பார்களாம். பருத்தி இழை குட்டையானது. கோவில்பட்டிக் கரிசலில் விளையும் கருங்கண்ணிப் பருத்தியின் இழை ஓர் அங்குலம்கூட இராது. அது தக்ளியின் பாரத்தைத் தாங்காமல் அறுந்துவிடும். அதற்காகத்தான் கீழே சிரட்டை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆச்சி கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டிப் பக்கம் பிறந்தவர்கள். அவர்கள் படித்தது ஆதாரப் பள்ளியில். 1937ஆம் ஆண்டு அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டில், பிள்ளைகள் ஒரு கைத்தொழிலின் வழியாகவே பாடங்களைக் கற்க வேண்டும் என்ற திட்டம் பிறந்தது. விலை மலிவு, பைக்குள் அடங்கும், ஏழைப் பிள்ளையும் வாங்கலாம் என்பதால் தக்ளி பள்ளிக்கூடம் புகுந்தது. நூற்ற நூலை அளந்து பெருக்கல் படித்தோம், பஞ்சு விளையும் ஊர்களைச் சொல்லிப் பூகோளம் படித்தோம் என்பார்கள் ஆச்சி. “எங்களுக்குப் பரீட்சையிலும் தக்ளி, பையிலும் தக்ளி. நீங்க பரீட்சைக்குப் பயந்து தக்ளிய ஒளிச்சு வைக்கீங்க” என்று ஒரு கேலி வேறு!

பல வேலைகளை ஒன்றாகச் செய்யும் ஆசை எனக்கு மட்டும் உரியது அன்று. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தோற்றுவித்த காந்தியடிகள், கிராமத்தவர் தம் கையாலேயே அதிக நூல் நூற்கக்கூடிய இராட்டை ஒன்றைச் செய்து தருபவருக்கு 1929இல் ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசு அறிவித்தார். அந்த நாளில் அது எத்தனை பெரிய தொகை! சுதந்திரத்துக்குப் பின் ஏகாம்பரநாதன் என்ற தமிழர் ஓர் இராட்டையை உருவாக்கினார். பல கதிர்கள் ஒரே கைப்பிடியில் சுழலும் அதன் பெயர் அம்பர் சர்க்கா. ‘ஏகாம்பர’த்தில் உள்ள ‘அம்பர்’தான் அது. ஒரு கையில் பல இழை! இந்தச் செய்தியை அம்மாவிடம் சொன்னேன். “அந்தச் சர்க்கா பொதுத்தேர்வு எழுதல” என்று பதில் வந்தது.

என் தக்ளியில் ஒரே இழைதான். கடந்த ஆகஸ்டு 15 அன்று, அன்னையின் விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர நாளும் சேர்ந்து வந்த விடுமுறையில், ஆச்சி தகரப் பெட்டியிலிருந்து தக்ளியை எடுத்துத் தந்தார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் அறுபடாத நூல் வந்தது. இப்போது இரவு 20 நிமிடம் நூற்றால் 25 மீட்டர் தேறும். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம், அதாவது 768 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சிட்டத்துக்கு ஒரு மாதம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். என் நூல் ஏறக்குறைய பத்தாம் நம்பர். ஆகவே ஒரு மாத உழைப்பின் எடை 45 கிராம். கடையில் எடை போட்டால் சிரிப்பார்கள். ஆனால் நூற்கும்போது கண்ணுக்கு வேலை இல்லை, வாய்க்கும் வேலை இல்லை. வரலாற்று ஆண்டுகளையும் வேதியியல் சமன்பாடுகளையும் நான் உருப்போட்டது அந்த 20 நிமிடங்களில்தான்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் அம்மா தீர்ப்புச் சொன்னார்கள். “பொதுத்தேர்வு முடியுற வரைக்கும் பையில ஒன்னே ஒன்னு இருக்கலாம். எதுன்னு நீயே முடிவு பண்ணு.” கோபமாகச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். நியாயமாக அப்பாவின் மப்ளருக்குத்தான் முதலிடம். விடியற்காலை முதல் ரயிலுக்குப் போகிறவர்கள், பனியும் அப்போதுதான். ஸ்வெட்டருக்கும் ஒரு நியாயம் உண்டு. பின்னல் தூங்கினாலும் தம்பியின் தோள் தூங்குவதில்லை, அது வளர்ந்துகொண்டே போகிறது! சதுரங்கள் மட்டுமே யாரையும் அவசரப்படுத்தாதவை. நூல் விஷயமோ வேறு மாதிரி. தொப்பிக்கு நான்கு இழை சேர்த்து முறுக்க வேண்டும். என்னிடம் இருந்தது என் ஒரு சிட்டம் மட்டுமே. ஆச்சியின் பெட்டியில் அவர்கள் நூற்றது ஒரு சிட்டம் இருந்தது. முன்பெல்லாம் நூலைக் கதர்க் கடையில் கொடுத்துத் துணி வாங்குவார்களாம். தாத்தாவின் வேட்டிக்குக் கொடுத்தது போக மிஞ்சியது அது. இரண்டு ஆண்டுகளாக ஆச்சிக்குக் கை நடுக்கம். தக்ளியைச் சுழற்றுவார்கள், இழை நிற்காது. அந்தச் சிட்டம் தீர்ந்தால் ஆச்சி நூற்ற நூல் உலகத்தில் வேறு இல்லை.

அதைத் தொடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பத்திரமாக வைத்துவிடுவோம், என் நூலே இன்னொரு சிட்டம் சேரட்டும் என்றேன். ஆச்சி என்னைச் சிறிது நேரம் பார்த்தார்கள்.

“ஏ பிள்ள, தகரத்துக்குள்ள பூட்டி வைக்கவா நூத்தேன்? எம் பேரப்பிள்ளை தலையில இருக்கட்டும். நான் கண்ணால பாத்துக்கிடுதேன்.”

அன்றே முடிவாயிற்று. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். “பழைய துண்டு இருக்குல்லம்மா, போதும்” என்றார்கள். அந்தப் ‘போதும்’ இன்னும் உறுத்துகிறது.

வேலையைத் தூங்க வைப்பதிலும் ஒரு முறை உண்டு. ஊசியிலேயே விட்டுவிட்டால் ஊசி நின்ற வரிசை தளர்ந்து தடம் விழும். எனவே கண்களை வேறு நிற நூலில் கோத்து முடிச்சிட்டேன். எந்த ஊசி, எத்தனையாவது வரிசை, அடுத்தது நிட்டா பர்லா என்று சீட்டு எழுதி, மிச்ச நூல்கண்டோடு சேர்த்துக் கட்டினேன். அந்துப்பூச்சிக்காக வேப்பிலைச் சருகும் போட்டேன். ஏப்ரலில் சீட்டைப் பார்த்தால் போதும். சீட்டு எழுதாமல் மூடி வைத்தவற்றைத்தான் பிறகு யாரும் முடிப்பதில்லை என்று தையல் சிஸ்டர் சொல்வார்கள். அவர்கள் அலமாரியில் உள்ள பைகளைப் பார்த்தவர்கள் இதை நம்புவீர்கள்.

பிறகு நூலை முறுக்கினோம். ஆச்சியின் சிட்டத்தை இரு பாதியாகவும் என்னுடையதை இரு பாதியாகவும் பிரித்து நான்கு உருண்டைகள் செய்தோம். நூற்றபோது வலப்பக்கம் சுழன்றதை இப்போது இடப்பக்கம் சுழற்ற வேண்டும். அப்போதுதான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். என் நூல் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். ஆச்சியின் நூலோ அச்சில் வார்த்தது போல் சீரானது. நான்கும் சேர்ந்து முறுக்கேறியதும் என் மேடு பள்ளங்கள் பாதிக்கு மேல் மறைந்துவிட்டன. ஆச்சி உருண்டைகளைக் கிண்ணங்களில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்கள். அதற்கு நடுங்கும் கையே போதுமாக இருந்தது. நூலைக் கொதிநீரில் போட்டெடுத்து, முறுக்கு நிலைப்பதற்காகக் கொடியில் பாரம் கட்டிக் காய வைத்தோம். மொத்தம் 90 கிராம். ஒரு தொப்பி, ஒரு ஜோடி காலுறை, சிக்கனமாக இருந்தால் கையில்லாத சிறு சட்டை.

வெளுக்காத பருத்தியின் நிறம் காய்ச்சிய பாலின் ஆடை போன்றது. சாயம் போடலாமா என்று அத்தை தொலைபேசியில் கேட்டார்கள். ஆச்சி கூடாது என்றுவிட்டார்கள்.

இன்று வரை தொப்பி 42 வரிசை ஆகியிருக்கிறது. உச்சியைக் குறைத்து முடிக்க இன்னும் 14 வரிசை. இரவு 9 மணிக்குப் புத்தகத்தை மூடியதும் 20 நிமிடம் எனக்கு அனுமதி உண்டு. அம்மா கடிகாரத்தைப் பார்ப்பார்கள், ஆனால் 25 நிமிடம் ஆனாலும் ஒன்றும் சொல்வதில்லை. டாக்டர் குறித்த நாள் பிப்ரவரி முதல் வாரம். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது குழந்தை பிறந்திருக்கும். ஆச்சி ஒவ்வொரு நாளும் தொப்பியை வாங்கித் தடவிப் பார்த்து, “இது என் இழை, இது உன் இழை” என்று காட்டுகிறார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.