அட்டையைப் படிக்காதே, தகட்டைப் படி

கண்ணு, நீ ட்ரெட்மில் வாங்கப் போவதாகவும், மாதத் தவணைகூடப் பேசி முடித்துவிட்டதாகவும் உன் அம்மா சொன்னாள். நல்ல காரியம்தான். முன்பணம் கட்டுவதற்குமுன் தாத்தா பட்ட பாட்டைக் கேட்டுக்கொள்.

கோயமுத்தூரில் நாற்பது வருஷம் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டினவன் நான். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். தெரு நாய்க்குப் பயந்து வீட்டிலேயே ஒரு ட்ரெட்மில் வாங்கிப் போட்டேன். அட்டைப்பெட்டியில் ‘4 எச்.பி.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, நம்பிவிட்டேன். உன் பெரிய மாமா ஏறி நின்றால் பெல்ட் விக்கி விக்கி நகரும். இரண்டாம் மாதம் புகைந்து நின்றே போனது. மூடியைக் கழற்றினால், மோட்டார் தகட்டில் இருந்த கணக்கு வேறு. ஊரார் மோட்டாருக்கெல்லாம் தகட்டைப் படித்தவன், சொந்தக் காசைக் கொடுக்கும்போது அட்டையைப் படித்திருக்கிறேன்!

அட்டையில் போடுவது பெரும்பாலும் ஒரு கணம் எட்டிப் பிடிக்கிற உச்ச சக்தி. நீ கேட்க வேண்டியது தொடர்ந்து தருகிற சக்தி. 1 எச்.பி. என்றால் 746 வாட். வீட்டிலிருக்கும் சின்ன ப்ளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தருவது 1,380 வாட், 2 எச்.பி.கூட இல்லை. அதில் சொருகுகிற மெஷின் எப்படி 4 எச்.பி. இழுக்கும்? நடக்க மட்டும் என்றால் தொடர்ச்சியாக ஒன்றரை, இரண்டு போதும். ஓடுவதென்றால் இரண்டரைக்குக் குறையாமல் பார்.

கடைக்குச் செருப்போடு போகாதே. ஷூ போட்டுக்கொண்டு போ. வீட்டிலேயே கனமான ஆளையும் கூட்டிப் போ. அவரை ஏற்றி, மிக மெதுவான வேகத்தில் பத்து நிமிஷம் நடக்கவிடு. பெல்ட் திக்கினால் மோட்டாருக்குத் தெம்பில்லை என்று அர்த்தம். தாங்கும் எடை என்று எழுதியிருப்பது அவர் எடையைவிட 15, 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். உனக்கு ஓடுகிற ஆசை இருந்தால் பெல்ட் 140 சென்டிமீட்டராவது நீளம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பாதுகாப்புச் சாவியை இழுத்துப் பார்; பெல்ட் நிற்க வேண்டும். கலோரிக் கணக்கைக் கண்டு மயங்காதே, அது உத்தேசம்தான்.

பிறகு வீட்டை அளந்து பார். தவறினால் பின்பக்கம்தான் விழுவாய், அதனால் மெஷினுக்குப் பின்னால் 2 மீட்டர் காலி இடம் வேண்டும். நீ மூன்றாம் மாடியில் இருக்கிறாய். விடியற்காலை ஐந்து மணிக்கு நீ ஓடினால் இரண்டாம் மாடிக்காரர் தலையில்தான் ஓடுவாய்.

என் மெஷினில் கெட்டது மோட்டாராக மட்டும் இருந்தால் நானே காயில் கட்டியிருப்பேன். புகைந்தது மோட்டாரை ஓட்டுகிற எலக்ட்ரானிக் போர்டு. மோட்டாருக்கு ஐந்து வருஷ வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருந்தவர்கள், போர்டுக்கு ஒரு வருஷம் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள்தான் கெட்டது. ஆனாலும் மாற்றுப் போர்டு கடைசிவரை வரவே இல்லை. அதனால் வாங்கும் முன்பே கேள்: போர்டு என்ன விலை, பெல்ட் என்ன விலை, பழுது பார்க்க யார் வருவார், எத்தனை நாளில் வருவார்? கடைக்காரர் மழுப்பினால் எழுந்து வந்துவிடு.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், உன் உடம்பைத் தூக்கிக்கொண்டுபோய் மெஷின்மேல் நிறுத்த எந்தக் கம்பெனியும் ஆள் அனுப்பாது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரைமணி, வாரம் ஐந்து நாள். அதை முதலில் மொட்டை மாடியில் நடந்து பார். ஒரு மாதம் விடாமல் நடந்துவிட்டால் எனக்குப் போன் போடு. கடைக்கு நானும் வருகிறேன், ஸ்க்ரூடிரைவரோடு.